கதவுக்குப் பின்னால் ஓடிய படம்

இன்ஸ்பெக்டர் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு எஸ்.ஐ.யோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பொற்கொடி வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கொதிகலனின் உறுமல் கிளம்பியது. படம் ஆரம்பித்துவிட்டது. முதலில் இருட்டுத் திரை, உறுமல் மட்டும். அப்புறம் மீன்மாவு ஆலையின் பெரிய கேட். அப்புறம் மீன் ஏற்றிய லாரி பின்பக்கமாக நகர்ந்து வரும், அதன் ரிவர்ஸ் ஹாரன் ஏதோ ஒரு மெட்டை மூக்கால் பாடும். இதோ பாடுகிறது. பார்க்காமலே பார்த்துவிடலாம் போலிருக்கிறதே என்று நினைத்தாள். வருஷக்கணக்காக வெட்டி ஒட்டிய படம், எந்தச் சத்தத்துக்கு எந்த முகம் என்று உடம்புக்கே தெரியும். அதுதான் தொந்தரவாகவும் இருந்தது. உள்ளே இருக்கிறவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள், அவர்கள் முகத்தை இவளால் பார்க்க முடியாது. எந்த இடத்தில் புருவம் ஏறுகிறது, எந்த இடத்தில் வாட்சைப் பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியாது. காலையில் இன்ஸ்பெக்டர் போனில் எவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டார். "ஒண்ணுமில்லம்மா, நான் ஒரு தடவ பாத்துக்கிடுதேன். அப்புறம் சாயங்காலம் நீங்க தாராளமா போடுங்க." கொடுக்க வேண்டாம் என்றுதான் டென்சிங் சொன்னான். அவளோடு மூன்று படங்களுக்குக் கேமரா பிடித்தவன், நாகர்கோவில்காரன், கேமராவைத் தவிர எதையும் நம்பாதவன். "போலீஸ் கையில குடுத்தா அது படம் இல்லக்கா, தடயம்" என்றான். கொடுக்காமல் இருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும். மீனவர் சமுதாயக் கூடத்தின் சாவியை வைத்திருக்கிற சங்கத் தலைவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள், அவர் உடனே மகள் வீட்டுக்கு என்று பஸ் ஏறிவிடுவார், கூடம் பூட்டியே கிடக்கும். ஏற்கெனவே கோயில் மண்டபம் கிடைக்கவில்லை. திருவிழாவுக்குச் சீரியல் விளக்கு முழுக்க ஆலையின் உபயம், ஃபாதர் தலையைத் தடவிக்கொண்டு, "உங்க நோக்கம் நல்லதுதான்மா" என்று மட்டும் சொன்னார். கல்யாண மண்டபம் பேரூராட்சித் துணைத்தலைவருடையது, ஆலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டும் அவருடையதுதான். அங்கே போய்க் கேட்கவே இல்லை. கூடத்தை விட்டால் கடற்கரை மணல்தான். மணலில் திரை கட்டினால் காற்று கிழித்துவிடும். கொடுத்தது சரிதான். சரிதானா. டென்சிங் கையில் இன்னொரு பிரதி இருக்கிறது, அதை அவன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கூடத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருப்பான். கொடுத்தது சரிதான்.

ஸ்டேஷன் ஜன்னல் வழியாக ஆலையின் அந்த வாடை வந்தது. இந்த ஊரில் அதிலிருந்து தப்பிக்க இடமில்லை. எதிரே மேஜையில் எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் எழுந்து, ஒரு ஊதுவத்தியைப் பற்றவைத்து, பேனா ஸ்டாண்டில் சொருகிவிட்டு உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம் என்று சட்டையில் பெயர் இருந்தது. தினமும் செய்கிற காரியம் போலிருக்கிறது, கை யோசிக்காமல் செய்தது. பொற்கொடிக்கு முதல் நாள் ஞாபகம் வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண் எரிந்தது. அழுகின மீனை எண்ணெயில் போட்டுக் கருக்கினால் வருமே, அதற்குள் ஏதோ இனிப்பும் கலந்தாற்போல் ஒரு நாற்றம். டென்சிங் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். டீக்கடையில் ஒருத்தரும் மூக்கைப் பொத்தவில்லை, வடை தின்றுகொண்டிருந்தார்கள். இதை எப்படி எடுப்பது என்று அன்றைக்கு முழுக்க யோசித்தாள். கேமராவுக்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது, மூக்கு இல்லை. புகையைக் காட்டினால் புகைதான் தெரிகிறது, அதுவும் சூரியன் விழும் நேரத்தில் அழகாகத் தெரிந்து தொலைக்கிறது. அந்தக் காட்சியை வெட்டி எறிந்தாள். ஈ மொய்க்கிறதை எடுத்தாள், எல்லா ஊரிலும் ஈ மொய்க்கும். கடைசியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கிறதை எடுத்தபோது காற்று திசை மாறியது, அத்தனை பிள்ளைகளும் பாட்டை நிறுத்தாமலேயே தாவணியையும் காலரையும் மூக்குக்கு இழுத்தார்கள், பாட்டு துணிக்குள்ளிருந்து வந்தது. அதுதான் படத்தில் இருக்கிறது. இப்போது அந்தப் பாட்டுத்தான் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. தங்கபுஷ்பம் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். பிள்ளைகளின் குரல் மங்கி, துணிக்குள் போகிற இடம் வந்தது. மறுபடியும் குனிந்து எழுதினாள். அவளுடைய பிள்ளையும் அந்த வரிசையில் நின்றிருக்கலாம், யார் கண்டது.

அம்மா மதுரையில் சொல்வாள், வாடை அடிக்கிற பையை வாசலிலேயே வைத்துவிட்டு வா என்று. கல்யாண வீடியோ வெட்டிக்கொடுத்தே நிம்மதியாக இருந்திருக்கலாம், உனக்கு எதற்கு மீன் ஆலை என்பாள். அது ஒன்றும் பொய்யில்லை. கல்யாண வீடியோதான் இந்தப் படத்துக்குச் சோறு போட்டது. தாலி கட்டுகிற இடத்தில் மெதுவாக்கு, மாமியார் முறைக்கிறதை எடுத்துவிடு, பெண் அழுகிறதைக் கொஞ்சம் வைத்துக்கொள். எல்லாக் கல்யாணமும் ஒரே கல்யாணமாகிவிடும். ராத்திரி கல்யாணத்தை வெட்டிவிட்டுப் பகலில் இதை வெட்டுவாள், சில சமயம் கை மாறிப் போகும், இங்கேயும் அழுகையைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளத் தோன்றும். அப்படித் தோன்றும்போதெல்லாம் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். உள்ளே இப்போது கைதட்டல். ஆலையின் திறப்பு விழா, யாரோ செல்போனில் எடுத்து வைத்திருந்த பழைய காட்சி. துணைத்தலைவர் மேடையில் பேசுகிறார், நம் ஊர் மீன் இனி உலகம் முழுக்கப் போகும், நம் பிள்ளைகள் வேலை தேடி ஒரு இடமும் போகவேண்டாம். போகவில்லைதான். வேலைக்குப் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்கள் வலையில் விழும் பொடி மீனையும் கழிசலையும் ஆலைக்குப் போடுகிறார்கள், ஆலை எடுக்கவில்லை என்றால் படகு கடலுக்குப் போவதில் அர்த்தமில்லை. ஆகையால் ஆலையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இதைச் சொல்லத்தான் படத்தின் பாதி போயிற்று. அரசியல்வாதி கெட்டவன், முதலாளி கெட்டவன் என்று சொல்லிவிட்டால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஊரே எப்படி வாயை மூடிக்கொண்டது, அதுவும் யாரும் மூடச் சொல்லாமலே, அதை எப்படிக் காட்டுவது. திருவிழா விளக்கைக் காட்டினாள். துணைத்தலைவர் மேடையில் ஒரு சிரிப்புக் கதை சொல்கிற இடம் வந்தது. உள்ளே சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிப்பு, கனமானது. எஸ்.ஐ. சிரிப்பு, இன்ஸ்பெக்டர் சிரித்த பிறகு வருவது. மூன்றாவதாக ஒரு சிரிப்பு.

மூன்றாவது யார்? தப்பாகக் கேட்டிருக்கலாம், படத்துக்குள்ளேயே கூட்டம் சிரிக்கிறதே, அந்தச் சிரிப்பில் ஒன்றாக இருக்கலாம். இல்லை, கூட்டத்தின் சிரிப்பு அவளுக்கு மனப்பாடம், அதில் இந்தச் சிரிப்பு கிடையாது. சுத்தமான, பல் தெரியாத சிரிப்பு. எங்கேயோ கேட்டிருக்கிறாள். குளிர்சாதன அறை, கண்ணாடி மேஜை, பிஸ்கட் தட்டு. எழுந்து மேஜைக்குப் போனாள்.

"மேடம், உள்ள சார்கூட யார் இருக்காங்க?"

"எஸ்.ஐ. சார்."

"இன்னொருத்தர்?"

தங்கபுஷ்பம் பேனா மூடியைக் கழற்றிப் போட்டாள். கதவைப் பார்த்தாள். "நீங்க உக்காருங்க" என்றாள். பொற்கொடி உட்காரவில்லை. அப்படியே நின்றாள். அந்தப் பெண் குனிந்துகொண்டே, தாளிடம் சொல்வதுபோல், "ஆலையில இருந்து பி.ஆர்.ஓ. வந்திருக்காரு. பின்வாசல் வழியா" என்றாள்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவை உடைத்துக்கொண்டு போய் லேப்டாப்பைப் பிடுங்கினால் என்ன. பிடுங்கி, ஓடி, எங்கே ஓடுவது. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், முதலில் ஊர்க்காரர்களுக்குத்தான் போட்டுக் காட்டுவேன், சென்னையில் இல்லை, விழாக்களில் இல்லை, உங்களுக்குத்தான் முதலில் என்று. ஆலையில் தம்பியைப் பறிகொடுத்த மிக்கேலம்மாளிடம் சொன்னாள். இப்போது முதலில் பார்க்கிறவன் ஆலைக்காரன். பேட்டி கேட்டுக் கேட்டு இவள் நடையாய் நடந்தபோது பிஸ்கட் கொடுத்து, காலண்டர் கொடுத்து, "எங்க அறிக்கைய அப்படியே போட்டுக்குங்க மேடம், அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல" என்று அனுப்பியவன். போட்டிருக்கிறாள். ஒரு வரி விடாமல், டென்சிங் குரலில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக. மூன்று தொழிலாளர்கள் வேலை நேரம் முடிந்து, குடிபோதையில், அனுமதியில்லாமல் கழிவுத் தொட்டிப் பக்கம் போய்த் தவறி விழுந்து இறந்தனர், நிர்வாகம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. இதோ டென்சிங் வாசிக்கிறான். தன் எழுத்தையே அடுத்தவன் குரலில் கேட்டால் அந்த ஆளுக்கு எப்படி இருக்கும், வசனம் நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றுமா. ஆழ்ந்த என்ற சொல்லைத் தொட்டியோடு சேர்த்து எழுதினாரே, எழுதும்போது உறைக்கவில்லையா. இப்போதாவது உறைக்குமா. அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயிற்று.

அடுத்து ஒடியா. ஒரு அம்மாவின் குரல், தொலைபேசிக் குரல், இரைச்சலோடு. செத்துப்போன பையன்களில் ஒருவனுடைய அம்மா. பெர்ஹாம்பூருக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம், போக முடியவில்லை, போனில்தான் பேசினார்கள். அந்தக் குரலை மொழி தெரியாமலே எத்தனை நாள் வெட்டிக்கொண்டிருந்தாள். எங்கே மூச்சு முடிகிறது என்பது தெரியும், எங்கே வாக்கியம் முடிகிறது என்பது தெரியாது. மொழிபெயர்த்துச் சொன்ன மாணவியிடம், இந்த இடத்தில் இவ்வளவு நேரம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். ஊர்ப்பேர் கேட்கிறார்கள் என்றாள் அந்தப் பெண். மகன் செத்த ஊருக்கு என்ன பேர், எப்படிச் சொல்லவேண்டும், இத்தனை நாள் நான் ஏதோ ஒரு பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அப்படி ஒரு ஊரே இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். பொற்கொடி அந்த இடத்தை வெட்டாமல் விட்டாள். அம்மா ஊர்ப்பேரைச் சொல்லிப் பார்க்கிறார், தப்பாக வருகிறது, மாணவி திருத்துகிறாள், மறுபடியும் சொல்கிறார். கீழைத்துறை. கீலாதுரா. கீழைத்துறை. உள்ளே யாரோ இருமினார்கள். "இது என்ன, ஹிந்தியா?" என்று எஸ்.ஐ. கேட்டது காதில் விழுந்தது. தங்கபுஷ்பம் உதடு அசைந்ததைப் பொற்கொடி பார்த்தாள். ஊர்ப்பேரைத்தான் சொல்லிப் பார்க்கிறாள் போலிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தாளைத் திருப்பினாள்.

இனி மிக்கேலம்மாள். இந்த அம்மா போனதும் மிக்கேலம்மாள்தான். அந்த மூன்று பேரில் சூசை என்பவனுடைய அக்கா. மீன் தரம் பிரிக்கிற களத்தில் அன்றைக்கு வேலைக்கு நின்றவள், கண்ணால் பார்த்தவள், பார்த்ததைச் சொல்ல வந்த ஒரே ஆள். மற்றவர்களும் பார்த்தார்கள். கேமராவைக் கண்டதும் வீட்டுக்குள் போய்க் குழந்தைக்குத் தலை வாரினார்கள். மிக்கேலம்மாள் வீட்டில் படம் பிடித்த அன்றைக்குப் பொற்கொடி முதலில் சொன்னது முகத்தைப் பற்றித்தான். முகம் தெரியாமல் எடுக்கலாம்க்கா, பின்பக்கமாக ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், குரலைக்கூட மாற்றிவிடலாம். மிக்கேலம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எம் மூஞ்சிய என்னத்துக்கு மறைக்கணுங்கேன்? நான் என்ன களவாண்டேனா?" என்றாள். இல்லைக்கா, உங்கள் படகு மீனை ஆலை எடுக்காமல் போய்விட்டால். "அதுக்கு எங்க வீட்டு மனுசன் கவலைப்படட்டும். நான் தம்பிக்காரனப் பத்திப் பேசுதேன்." அப்புறம் யோசித்துவிட்டு, "நாளைக்கு யாராச்சும் இது எவளோ, ஆள வச்சுப் பேச வச்சிருக்காவன்னு சொன்னா? மூஞ்சி இருந்தா சொல்ல முடியாதுல்லா" என்றாள். அதில் என்ன தப்பு. ஆனால் அவள் அப்போது துக்கத்தில் இருந்தாள், துக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்கிற சரியைச் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா. அதற்குப் பிறகும் கேட்டாளே, படம் முடிந்த பிறகு போய்க் கேட்டாளே. கேட்டாள்தான், ஆனால் எப்படிக் கேட்டாள், ஆம் என்று வரவேண்டும் என்கிற மாதிரிக் கேட்டாளா, அந்த இடம் இல்லாவிட்டால் படமே நிற்காது என்பது குரலில் தெரிந்துவிட்டதா. மிக்கேலம்மாள் கெட்டிக்காரி, குரலைப் படிக்கத் தெரிந்தவள். இதே இடத்துக்குத்தான் பொற்கொடியின் புத்தி ஒவ்வொரு நாளும் வந்து நிற்கும், பல் இடுக்கில் மாட்டின நார் மாதிரி, நாக்கு போய்ப் போய் அதைத் தொடும்.

மிக்கேலம்மாள் பேச ஆரம்பித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் இன்னும் தடித்துக் கேட்டது. மோட்டார் அடைச்சிக்கிட்டு. தொட்டி நெறஞ்சு வழியுது. சூசை சாப்பாட்டுத் தூக்குச்சட்டிய அப்பத்தான் தொறந்தான். இந்த இடத்தில் நிறுத்துவாள். நிறுத்திவிட்டுக் கேமராவைத் தாண்டி எங்கேயோ பார்ப்பாள், ஒன்றுமே நடக்காது, பின்னால் எங்கேயோ ஒரு தண்ணீர்க் குழாய் சொட்டும். அந்த மௌனத்தைக் குறைக்கச் சொல்லிப் படம் பார்த்த நண்பர்கள் எல்லாரும் சொன்னார்கள், பார்க்கிறவன் எழுந்து போய்விடுவான் என்றார்கள். எழுந்து போகிறவன் போகட்டும் என்று வைத்தாள். உள்ளே இப்போது நாற்காலி கிறீச்சிட்டது. "ஓட்டுங்க சார்" என்றது பி.ஆர்.ஓ.வின் அந்தச் சுத்தமான குரல். ஓட்டினார்கள். மிக்கேலம்மாளின் மௌனத்தை ஓட்டிவிட்டார்கள். அப்புறம் அவள் குரல் நேராக நடுவில் வந்து விழுந்தது: "சூப்பர்வைசர்தான் எறங்கச் சொன்னாரு. மூக்குல துணியக் கட்டிக்கிட்டு எறங்குலேன்னு சொன்னாரு. என் ரெண்டு காதால கேட்டேன்." நிறுத்தினார்கள். பின்னால் தள்ளினார்கள். சூப்பர்வைசர்தான் எறங்கச் சொன்னாரு. மறுபடியும் பின்னால். எறங்கச் சொன்னாரு. எறங்கச் சொன்னாரு. பொற்கொடி இந்த வாக்கியத்தை எடிட்டிங்கில் ஆயிரம் தடவை பின்னால் தள்ளியிருப்பாள், மூச்சு சரியாக இருக்கிறதா, வெட்டு தெரிகிறதா என்று. இவர்கள் வேறு எதற்கோ தள்ளுகிறார்கள். "யாருல இது?" இன்ஸ்பெக்டர். "சூசைக்கு அக்கா சார்." "எந்தத் தெரு?" எஸ்.ஐ. தெருப்பெயரைச் சொன்னார். "புருசன்?" புருஷன் பெயரைச் சொன்னார். படகின் பெயரைச் சுத்தமான குரல் சொல்லிற்று, யாரும் கேட்காமலே.

அவள் எதிர்பார்த்தது பயம் அதிகமாகும் என்று. ஆகவில்லை. இத்தனை நாள் ஊரில் ஊகமாக இருந்தது இப்போது குரல்களாக, வரிசையாக, கதவுக்குப் பின்னால் இருந்தது: தெரு, புருஷன், படகு. ஊரின் வாயை யார் மூடினார்கள் என்று காட்ட முடியவில்லையே என்று தவித்தாளே, இப்படித்தான் மூடுகிறார்கள், தெருப்பெயர் கேட்டு. இதை எடுக்கக் கையில் கேமரா இல்லை. பரவாயில்லை. காது இருக்கிறது. போனை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடிக்குப் போனாள்.

"அக்கா, பொற்கொடி பேசுறேன். ஸ்டேஷன்ல இருக்கேன். படத்த உள்ள போட்டுப் பாத்துக்கிட்டு இருக்காங்க. ஆலைக்காரரும் உக்காந்திருக்காரு. நீங்க பேசுன எடத்த நிறுத்தி நிறுத்திப் பாக்குறாங்க. உங்க தெரு, உங்க வீட்டுக்காரர் பேரு, படகு எல்லாம் கேட்டுட்டாங்க."

அந்தப் பக்கம் காற்று. யாரோ பாத்திரம் வைக்கிற சத்தம்.

"பாத்துட்டாவளா?" என்றாள் மிக்கேலம்மாள். "சரி. சாயங்காலம் பாக்கப் போறத இப்பமே பாக்குதாவ."

"அக்கா, அந்த எடத்த எடுக்கணும்னா இப்பவும் எடுத்துடலாம். நான் மனசார சொல்றேன். படம் எப்படியோ போகட்டும்."

"எடுத்தா படம் நிக்குமா?"

நிற்கும் என்று சொல்லலாம். "நிக்காதுக்கா" என்றாள்.

"பயமில்லன்னு சொல்லமாட்டேன்மா. அந்த மனுசன் ரெண்டு நாளா முகங்குடுத்துப் பேசல. நேத்து ராத்திரி, மீன எடுக்காம விட்டுருவாவ, படகுக்குப் பேரு மாத்தணும்னு குடிச்சிட்டு அழுதாவ. ஆனா ஒண்ணு. நான் ஒங்கிட்டச் சொல்லுததுக்கு முன்னாடியே இந்த இன்ஸ்பெக்டர்கிட்டச் சொன்னேன், அதே ஸ்டேஷன்ல, நின்னுக்கிட்டே சொன்னேன். எழுதவே இல்ல. இப்பம் ஒக்காந்து கேக்குதாவல்லா. திருப்பித் திருப்பி வேற கேக்குதாவ. கேக்கட்டும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீயா வெட்டாத. வெட்டுனா எனக்குச் சொல்லிட்டு வெட்டு. நான் கூடத்துக்கு நேரத்தோட வாரேன், மொத வரிசையில ஒக்காந்தாத்தான் எனக்குக் கண்ணு தெரியும்" என்றாள்.

போனை வைத்தபோது பொற்கொடிக்கு அழுகை வரும் போலிருந்தது. வரவில்லை. அதற்குப் பதிலாகப் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆம் என்று வரவேண்டும் என்கிற மாதிரிக் கேட்டாளா என்ற அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் பதில் கிடைக்கவில்லை, ஒருவேளை கிடைக்கவே கிடைக்காது. கேட்டவள் இவள், சொன்னவள் அவள், இரண்டுக்கும் நடுவில் இருப்பதை இனி இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கவேண்டும். திரும்பி நடந்தாள். பெஞ்சுக்குப் போகவில்லை. கதவுக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே கடைசிக் காட்சி, கடல் சத்தம். அதற்கு மேல் ஒரு இசையும் போடவில்லை. கடல் நின்றது. கதவைத் தட்டினாள்.

"வாங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். லேப்டாப்பை மூடி அதன்மேல் கையை வைத்திருந்தார். எஸ்.ஐ. சுவரோரம். பி.ஆர்.ஓ. சோபாவில் கால்மேல் கால் போட்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் காலை இறக்கி எழுந்து கைகூப்பினார். "மேடம், டெக்னிக்கலா ரொம்ப நல்லா வந்திருக்கு. அந்த ஸ்கூல் ஷாட் பிரமாதம்."

"படம் நல்ல படந்தான்" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்க ஊரையே காட்டியிருக்கீங்க. ஒரே ஒரு எடம். அந்தம்மா பேசுதது. அத மட்டும் எடுத்துட்டுப் போட்டுக்குங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல."

"எதுக்கு சார் எடுக்கணும்?"

"கேஸ் நடந்துக்கிட்டு இருக்கு."

"கேஸ்ல அவங்க சாட்சியே இல்லையே சார். அவங்க சொன்னத எழுதவே இல்லன்னு சொல்றாங்க."

எஸ்.ஐ. சுவரைப் பார்த்தார். பி.ஆர்.ஓ. தணிந்த குரலில் நடுவில் வந்தார். "மேடம், நான் ஆலைக்காகப் பேசல. அந்தம்மாவுக்காகத்தான் சொல்றேன். படிக்காதவங்க. நாளைக்கு அவங்களுக்கு ஒரு சங்கடம்னா நீங்க சென்னைக்குப் போயிடுவீங்க. அவங்க இங்கதான இருக்கணும்."

இதைத்தான் அவள் ராத்திரி ராத்திரியாகத் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில். இந்த வாயிலிருந்து கேட்டதும் அது மிரட்டல்தான் என்று தெரிந்துவிட்டது.

"நான் மதுரை சார், சென்னை இல்ல" என்றாள். "அவங்கள இப்பத்தான் கேட்டேன். எடுக்க வேண்டாம்னாங்க." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "எடுக்கணும்னா, இந்த இடத்த எடுக்கச் சொல்லி ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்."

"இதுல எழுதறதுக்கு என்னம்மா இருக்கு. வாய் வார்த்தையாத்தான சொல்லுதேன்."

"அப்ப நானும் வாய் வார்த்தையா சொல்லிக்கிறேன் சார். எடுக்க மாட்டேன்."

தன் குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது. நிறுத்தினால் நடுங்கிவிடும் என்று தோன்றியதால் தொடர்ந்து பேசினாள். "அவங்க தெரு, அவங்க வீட்டுக்காரர் பேரு, படகு எல்லாம் இந்த ரூம்ல கேட்டீங்க. வெளிய பெஞ்சுல கேட்டுச்சு. இன்னைக்கு இந்தப் படத்த இங்க உக்காந்து யார் யாரு பாத்தாங்கன்னு நானும் சாயங்காலம் கூடத்துல சொல்லுவேன், படம் போடறதுக்கு முன்னாடி. மறைக்க ஒண்ணுமில்லதான சார். உங்க முழுப்பேரு என்ன?" கடைசிக் கேள்வி பி.ஆர்.ஓ.வைப் பார்த்து.

அவர் கைக்குட்டையால் மீசையைத் துடைத்தார். பெயர் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் களைத்துப்போனவராக, மேஜைமேல் லேப்டாப்பை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். "சட்டம் ஒழுங்குப் பிரச்சன எதும் ஆச்சுன்னா பொறுப்பு நீங்கதான்" என்றார். "ரெண்டு ஆள அனுப்புவேன்."

"அனுப்புங்க சார். நாற்காலி போட்டு வைக்கிறோம்."

சாயங்காலம் கூடத்துக்கு ரெண்டு ஆள் வந்தார்கள். நாற்காலியில் உட்காரவில்லை. ஒருவர் வாசலில் நின்றார், மற்றவர் கூடத்துக்குள் நடந்து ஒவ்வொரு வரிசையாக, ஒவ்வொரு முகமாகச் செல்போனில் வீடியோ எடுத்தார். கூடம் நிறைந்திருந்தது, நிறைந்தது எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக அசைய ஆரம்பித்தது. பெண்கள் முந்தானையை இழுத்தார்கள். ஆண்கள் குனிந்து காலைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் ஒரு வரிசையே. டென்சிங் ஒயரை விட்டுவிட்டுப் போலீஸ்காரர் பக்கம் போகப் பார்த்தான், பொற்கொடி அவன் கையைப் பிடித்தாள். செல்போன் முதல் வரிசைக்கு வந்தது. மிக்கேலம்மாள் பச்சைச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைக்காமல், கையை மடியில் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. போலீஸ்காரர் போனை அவள் முன்னால் நீட்டினார். அவள் அந்தப் போனையே நேராகப் பார்த்தாள், பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிற மாதிரி, அசையாமல். ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் போலீஸ்காரர்தான் போனை இறக்கினார்.

பொற்கொடி மைக்கை வாங்கி, பகலில் ஸ்டேஷனில் படத்தைப் பார்த்தவர்கள் யார் யார் என்று சொன்னாள், சொன்னபடியே சொன்னாள், குரலை உயர்த்தவில்லை. இன்னும் சிலர் எழுந்தார்கள். எழுந்தவர்களில் ஒரு ஆள், கடல் வெயிலில் கறுத்த, கைலி கட்டிய ஆள், வாசலுக்குப் போகாமல் முன்னால் வந்து, மிக்கேலம்மாள் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில், அவள் முகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்தார். அவர்தான் புருஷன் என்று பொற்கொடிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டினாள். கூடத்தில் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. போகிறவர்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் மாட்டிக்கொண்டு வெளியேறும்வரை நின்றாள். அப்புறம் படத்தை ஓடவிட்டாள்.